வேகமான சேர்லிஃப்ட்டின் சூட்சுமம் அது மெதுவாகும் இடத்தில்

டிசம்பர், ஜனவரி வந்தால் சென்னையிலிருந்து காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் ஆலிக்கும் பனி பார்க்கக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறைய. ஓ.எம்.ஆர். கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் கூட்டமாகச் சேர்ந்து போகிறார்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர், குளிர்காலத்தில் அங்கே இருக்க நேர்ந்தால், கொலராடோ பக்கம் ஒரு பனிமலையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்பி வந்ததும் முதலில் பனியைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்தது அந்த நாற்காலி. "கம்பியில தொங்குதுங்க. நாலு பேர் உட்காரலாம். காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. ஜிவ்வுன்னு மேல போகுது" என்று கையை உயர்த்திக் காட்டுவார்கள்.

ஜிவ்வென்று போவது உண்மைதான். நவீன சேர்லிஃப்ட் விநாடிக்கு 5 மீட்டர், சிலது 6 மீட்டர் வேகத்தில் ஏறும். மணிக்கு 18 முதல் 22 கிலோமீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைச் சாலையில் இது ஒரு வேகமே இல்லை. ஆனால் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாற்காலியில் நின்ற இடத்திலிருந்து ஒருவரால் உட்கார முடியுமா? முடியாது. அப்புறம் எப்படி ஐந்து வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாட்டியும் அதில் பதற்றமில்லாமல் ஏறுகிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் சேர்லிஃப்ட்டின் பொறியியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எல்லா ரோப்வேக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. வடம் ஒன்று, அதில் தொங்குபவை பல. ஒருவர் ஏறுவதற்காக வடத்தை நிறுத்தினால், வழியில் தொங்குகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். பழநியில் 2004இல் தொடங்கிய ரோப் கார் இந்தச் சிக்கலை நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. கீழே சில பெட்டிகள் நிற்கும்போது மேலேயும் சில பெட்டிகள் நிற்கும். ஆட்கள் இறங்கி ஏறி முடிகிற வரை வடம் அசையாது. வயதானவர்களுக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது. ஆனால் வடம் ஓடுகிற நேரத்துக்குச் சமமாக நிற்கிற நேரமும் போய்விடுவதால், ஒரு மணி நேரத்தில் ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறைவு. தைப்பூச நேரத்தில் அந்த வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பனிச்சறுக்கு மலைகளுக்கு இது ஒத்துவராது. அங்கே வருகிறவர் ஒரு முறை ஏறி, சாமி கும்பிட்டு, ஒரு முறை இறங்குகிறவர் அல்ல. சறுக்கிக்கொண்டு கீழே வருவார், மறுபடி ஏறுவார், மறுபடி சறுக்குவார். ஒரே ஆள் ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை ஏறுவது சாதாரணம். எனவே வடம் நிற்காமல் ஓட வேண்டும், நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த யோசனை முதலில் பிறந்தது பனிமலையில் அல்ல, வாழைப்பழத்தில். 1936இல் அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம், இடாஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்குத் தலத்தை அமைத்துக்கொண்டிருந்தது. ரயிலில் பயணிகளை வரவழைக்க வேண்டும் என்பது நிறுவனத் தலைவர் ஏவரெல் ஹாரிமனின் நோக்கம். அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், அதற்கு முன் வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றும் கொக்கித் தொடர்களில் வேலை செய்தவர். தொடர்ந்து ஓடும் கொக்கிகளில் வாழைத்தார் மாட்டிக்கொண்டு போகும்போது, கொக்கிக்குப் பதில் நாற்காலி இருந்தால் மனிதன் போக முடியாதா என்று அவர் கேட்டார். நெப்ராஸ்காவின் ஒமாஹாவில், சமதளத்தில், ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். பனி இல்லாத பருவம். அதனால் சக்கரக் காலணி போட்ட ஆள் ஒருவர் நின்றுகொண்டார், லாரி பின்னாலிருந்து வந்து அவரை நாற்காலியில் அள்ளிக்கொண்டது. எந்த வேகம் வரை அடிபடாமல் உட்கார முடிகிறது என்பதுதான் சோதனை. அந்த வருடம் டிசம்பரிலேயே உலகின் முதல் சேர்லிஃப்ட் சன் வேலியில் ஓடத் தொடங்கிவிட்டது.

அந்தச் சோதனையில் தெரியவந்த வரம்பு இன்றும் மாறவில்லை. நாற்காலி வடத்தோடு நிரந்தரமாக இறுக்கப்பட்டிருந்தால், வடம் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில்தான் ஆள் ஏற வேண்டும். சறுக்குப் பலகை போட்டவர்களுக்கே விநாடிக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் போனால் ஆபத்து. சாதாரணக் காலணியோடு நடந்து வந்து ஏறுகிறவர்களுக்கு அதிலும் குறைக்க வேண்டும். நம் ஊரில் ஸ்டாப்பில் நிற்காமல் உருளும் பஸ்ஸில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிற அதே கணக்குதான் இது: இளவட்டம் ஏறிவிடும், கையில் பையும் குழந்தையும் வைத்திருக்கிறவர் தடுமாறுவார். தடுமாறி ஒருவர் விழுந்தால் பணியாளர் உடனே லிஃப்ட்டை நிறுத்தியாக வேண்டும். மேலே தொங்கிக்கொண்டிருக்கும் முந்நூறு, நானூறு பேரும் குளிரில் ஆடியபடி காத்திருப்பார்கள்.

இதிலிருந்து தப்பிக்கும் வழி, நிலையத்துக்குள் வரும்போது நாற்காலி வடத்தை விட்டுவிடுவதும் வெளியேறும்போது மறுபடி பிடித்துக்கொள்வதும். விட்டுப் பிடிக்கும் இந்தப் பிடி புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் ஃபிளிம்ஸில் 1940களிலேயே இப்படிப்பட்ட நாற்காலிகள் ஓடின. ஆனால் இன்று நாம் பார்க்கிற வடிவம், நான்கு பேர் வரிசையாக முன்னோக்கி உட்கார்ந்து விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தை நெருங்கிப் போகிற வடிவம், 1981இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் வந்தது. குவிக்சில்வர் என்று பெயர். செய்தவர்கள் ஆஸ்திரியாவின் டாப்பல்மேயர் நிறுவனத்தார். இன்று இந்தத் தொழிலில் அவர்களோடு நிற்கும் மற்ற பெரிய பெயர்கள் இத்தாலியின் லைட்னரும் பிரான்சின் போமாவும்தான். குல்மார்க்கில் கோண்டோலா என்ற மூடிய பெட்டி ரோப்வேயில் ஏறியவர்கள் போமா என்ற பெயரைப் பார்த்திருக்கலாம்.

நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாற்காலியின் தண்டுக்கு மேலே, வடத்தைக் கவ்விக்கொண்டு இரண்டு தாடைகள் இருக்கின்றன. அவற்றை இறுக்கி வைத்திருப்பவை வலுவான எஃகு ஸ்பிரிங்குகள். இங்கே கவனிக்க வேண்டியது, பிடி தானாக மூடியே இருக்கும், திறக்கத்தான் வெளியிலிருந்து விசை வேண்டும். மின்சாரம் போனாலும் எதுவும் கழன்றுவிடாது. நிலையத்தின் வாயிலில் பிடியின் மேலிருக்கும் ஒரு சிறு உருளை, சரிவான தண்டவாளத்தின் அடியில் நுழைகிறது. தண்டவாளம் அந்த உருளையை அழுத்த அழுத்த நெம்புகோல் தாழ்ந்து தாடைகள் திறக்கின்றன. வடம் தன் போக்கில் பெரிய சக்கரத்தை நோக்கி ஓடிவிடுகிறது. நாற்காலி தன் சொந்தச் சக்கரங்களில், தலைக்கு மேலுள்ள தண்டவாளத்தில் ஏறிக்கொள்கிறது.

ஆனால் இப்போதும் அது விநாடிக்கு 5 மீட்டரில்தான் பாய்கிறது. அதை அடக்குவது வரிசையாக வைத்த ரப்பர் டயர்கள். மேலே அண்ணாந்து பார்த்தால், சின்ன டயர்கள் நெருக்கமாகச் சுழல்வது தெரியும். பிடியின் மேல்தட்டு அவற்றோடு உரசிக்கொண்டு நகரும். முதல் டயர் ஏறக்குறைய வடத்தின் வேகத்தில் சுழலும், அடுத்தது கொஞ்சம் குறைவாக, அதற்கடுத்தது இன்னும் குறைவாக. டயருக்கு டயர் பெல்ட் போட்டு, பெல்ட் சக்கரத்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றியே இந்த வேகக் குறைப்பைச் செய்கிறார்கள். டயர்கள் சுழலும் விசையும் பெரும்பாலும் வடத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அதனால் வடம் மெதுவானால் டயர்களும் அதே விகிதத்தில் மெதுவாகும். வடம் நின்றால் எல்லாம் நிற்கும். தனியாக மோட்டார் வைத்து அவற்றை ஒத்திசைக்கும் தொல்லை இல்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 5 மீட்டர் வேகத்தை 1 மீட்டராக, அதாவது மனிதர் நிதானமாக நடக்கும் வேகத்துக்குக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு விநாடியும் ஒரு மீட்டர் வேகம் குறைகிறது என்றால் 4 விநாடி ஆகும். அதற்குள் நாற்காலி 12 மீட்டர் ஓடியிருக்கும். வெளியேறும் பக்கம் வேகம் பிடிக்க இன்னொரு 12 மீட்டர். நடுவில் வளைந்து திரும்ப, ஆட்கள் ஏற, இடம் தனி. வேகமான லிஃப்ட்டின் நிலையம் பெரிய கொட்டகைபோல நீண்டு கிடப்பதும் பழைய லிஃப்ட்டுக்கு ஒரு சக்கரமும் ஒரு கம்பமும் போதுமாக இருப்பதும் இதனால்தான். செலவு பல மடங்கு ஏறுவதும் இதே காரணத்தால்.

வெளியேறும் முன் பிடி வடத்தின் வேகத்தைச் சரியாக எட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாடை வடத்தைத் தேய்க்கும். வேகம் ஒத்துப்போனதும் தண்டவாளம் உருளையை விட, ஸ்பிரிங் தாடைகளை மூடும். உடனே, நாற்காலி நிலையத்தை விட்டு வெளியே போவதற்குள், உணரிகள் இரண்டு விஷயங்களைச் சோதிக்கின்றன. தாடை முழுதாக மூடியதா? ஸ்பிரிங்கின் விசை போதுமா? இரண்டில் எது தவறினாலும் முழு லிஃப்ட்டும் நின்றுவிடும். ஒவ்வொரு நாற்காலிக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் இந்தச் சோதனை நடக்கிறது.

இவ்வளவு பாடும் எதற்கு? வேகமாகப் போனால் வரிசை சீக்கிரம் கரையும் என்று நினைப்போம். அங்கேதான் நம் உள்ளுணர்வு ஏமாறுகிறது. நான்கு பேர் உட்காரும் நாற்காலி 6 விநாடிக்கு ஒன்று வருகிறது என்றால், மணிக்கு 600 நாற்காலி, 2,400 பேர். இந்தக் கணக்கில் வடத்தின் வேகம் எங்கேயும் வரவில்லை, கவனியுங்கள். மெதுவான லிஃப்ட்டில் 15 மீட்டருக்கு ஒரு நாற்காலி, வேகமானதில் 30 மீட்டருக்கு ஒன்று. இரண்டிலும் வாசலுக்கு 6 விநாடிக்கு ஒன்றுதான் வந்து சேரும். வேகம் இரட்டிப்பானால் நாற்காலிகளின் எண்ணிக்கை பாதியாகும், அவ்வளவே.

இன்னும் ஒரு படி மேலே போவோம். 1,500 மீட்டர் நீள லிஃப்ட். மெதுவானதில் மேலே போக 10 நிமிடம், வேகமானதில் 5 நிமிடம். சறுக்கிக்கொண்டு கீழே வர 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மலையில் 800 பேர் இருக்கிறார்கள். லிஃப்ட் நிமிடத்துக்கு 40 பேரை ஏற்றும். ஆகவே 800 பேரும் ஒரு சுற்று முடிக்க 20 நிமிடம் பிடிக்கும். மெதுவான லிஃப்ட்டில் அந்த 20 நிமிடம் இப்படிப் போகும்: 10 நிமிடம் நாற்காலியில், 5 நிமிடம் சறுக்கலில், 5 நிமிடம் வரிசையில். வேகமான லிஃப்ட்டில்? 5 நிமிடம் நாற்காலியில், 5 நிமிடம் சறுக்கலில், 10 நிமிடம் வரிசையில்! சுற்று அதே 20 நிமிடம்தான். முன்பு உட்கார்ந்து கழித்த ஐந்து நிமிடத்தை இப்போது நின்று கழிக்கிறார்கள்.

கூட்டமில்லாத நாளில் கதை வேறு. 200 பேர் மட்டும் இருந்தால் வரிசையே இருக்காது. மெதுவானதில் ஒரு சுற்று 15 நிமிடம், மணிக்கு 4 முறை. வேகமானதில் 10 நிமிடம், மணிக்கு 6 முறை. ஆக வேகத்தின் பலன் முழுவதும் செவ்வாய், புதன்கிழமைகளில் வருகிறவர்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை எது கரைக்கிறது? மெதுவாக ஏற விடுவதுதான். காகிதத்தில் 2,400 பேர் என்று இருக்கும் பழைய லிஃப்ட், நடைமுறையில் அந்த எண்ணிக்கையைத் தொடுவது அபூர்வம். யாராவது தடுமாறுவார்கள், லிஃப்ட் நிற்கும். குழந்தை ஏறும்போது வேகத்தைக் குறைப்பார்கள். பயந்துபோய் ஒருவர் பின்வாங்க, நாற்காலி காலியாகப் போகும். நடை வேகத்தில் வரும் நாற்காலியில் இதெல்லாம் பெருமளவு குறைந்துவிடும். அது மட்டுமா? நாற்காலி நடை வேகத்தில் வருவதால் அதை அகலமாக்கலாம். ஆறு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் உட்காருவதென்பது விநாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் பெரும் ரகளை. 1 மீட்டர் வேகத்தில் அது சாதாரணம். எட்டுப் பேர் உட்காரும் நாற்காலி 1997இலேயே நார்வேயின் வ்ரோடாலில் வந்துவிட்டது. வட அமெரிக்காவில் முதன்முதலாக மொன்டானாவின் பிக் ஸ்கையில் 2018இல் வந்தது. ஆறு பேர் நாற்காலி மணிக்கு 3,000 பேருக்கு மேல் ஏற்றுவது இன்று வழக்கம்.

இதற்குத் துணையாக வாசலில் வேறு ஏற்பாடுகளும் உண்டு. நாற்காலியின் வருகையோடு ஒத்திசைந்து திறந்து மூடும் சிறு கதவுகள், ஆட்களைச் சரியான தாளத்தில் உள்ளே விடும். சில இடங்களில் தரையே கன்வேயர் பெல்ட்டாக நகரும். ஏறுபவரும் நாற்காலியின் திசையில் நகர்ந்துகொண்டிருப்பதால் உட்காரும்போது இடி குறையும். இந்த நகரும் தரையை வைத்து, செலவு குறைந்த பழைய வகை லிஃப்ட்டையே கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தனியாக வருகிறவர்களுக்கு என்று ஒரு தனி வரிசை. மூன்று பேர் குடும்பமாக ஏறினால் நான்காவது இடத்தில் அவர் போய் உட்காருவார். ஒரு பைசா செலவில்லாத உத்தி, பலனோ பெரியது.

சரி, உட்கார்ந்துவிட்டோம். பயணம் எப்படி இருக்கும்? முதலில் முதுகில் ஒரு மெல்லிய தள்ளல். டயர்கள் வேகம் கொடுக்கின்றன. பிடி வடத்தைக் கவ்வும் இடத்தில் தலைக்கு மேல் ஒரு "டக்". அத்தோடு நிலையத்தின் இரைச்சல் பின்னால் போய்விடும். தரை சரேலென்று கீழே இறங்கும். பாதுகாப்புக் கம்பியைத் தலைக்கு மேலிருந்து இழுத்துவிட வேண்டும். அதோடு சேர்ந்து கால் வைக்கும் தண்டும் இறங்கும். கால் தண்டு ஆடம்பரமாகத் தோன்றும். ஆனால் சறுக்குக் காலணியும் பலகையும் சேர்ந்து ஒவ்வொரு காலிலும் கிலோக் கணக்கில் தொங்கும்போது, அந்தத் தண்டு இல்லாவிட்டால் முழங்கால் வலி உயிரை எடுக்கும்.

கம்பங்களைக் கடக்கும்போது வரும் "தடதட" அதிர்வுதான் பயணத்தில் எல்லாரும் நினைவு வைத்திருப்பது. ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ரப்பர் விளிம்பு போட்ட கப்பிகள் வரிசையாக இருக்கும். வடம் அவற்றின் மேல் உட்கார்ந்து போகும். பள்ளமான இடங்களில் வடம் மேலே எழும்பிவிடாமலிருக்க, கப்பிகளை வடத்துக்கு மேலே வைத்துக் கீழே அழுத்துவார்கள். கப்பிகளின் எண்ணிக்கை கூடக்கூட வடம் வளைவது மென்மையாகும். ஆட்டமும் குறையும். நல்ல லிஃப்ட்டையும் சுமாரான லிஃப்ட்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல இந்த ஒரு இடம் போதும். வடம் கப்பியிலிருந்து நழுவினால் உடைந்துபோகும்படி ஒரு மெல்லிய தண்டை அங்கே பொருத்தி, அதற்குள் மின்சுற்றைக் கொடுத்திருப்பார்கள். தண்டு உடைந்தால் சுற்று அறுபடும், லிஃப்ட் நிற்கும். நழுவிய வடம் தரையில் விழாமல் தாங்கிக்கொள்ளப் பக்கத்தில் கைபோல ஒரு இரும்பும் உண்டு.

திடீரென்று லிஃப்ட் நின்றால் முன்னும் பின்னும் ஆடுவோம் என்றுதான் எதிர்பார்ப்போம். உண்மையில் மேலும் கீழும் ஆடுவதுதான் அதிகம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொங்கும் நீண்ட வடம், நின்ற வேகத்தில் துள்ளும். முதல் முறை வயிற்றைக் கலக்கும், ஆபத்தில்லை.

காற்று ஒரு தனிப் பிரச்சினை. காற்றே இல்லாத நாளிலும், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் முகத்தில் அதே வேகத்தில் குளிர்காற்று அடிக்கும். வேகமான லிஃப்ட் பயண நேரத்தைப் பாதியாக்குகிறது, கூடவே குளிரையும் கூட்டுகிறது. அதனால்தான் நாற்காலிக்கு மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கூண்டும் சூடாக்கிய இருக்கையும் வந்தன. யூட்டாவில் இப்போது பார்க் சிட்டியோடு சேர்ந்துவிட்ட கேன்யன்ஸ் தலத்தில், 2010இல் வந்த ஆரஞ்சு நிறக் கூண்டு லிஃப்ட், வட அமெரிக்காவில் சூடான இருக்கை கொண்ட முதல் சேர்லிஃப்ட். கூண்டு காற்றை அதிகம் வாங்கும் என்பது அதன் மறுபக்கம். காற்று கூடினால் இத்தகைய லிஃப்ட்டை முன்கூட்டியே மெதுவாக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். பழநியில் பலத்த காற்று அடித்தால் ரோப் காரை நிறுத்துகிறார்களே, அதே கட்டுப்பாடு உலகம் முழுவதும் உண்டு. விட்டுப் பிடிக்கும் நாற்காலிக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது: புயலும் உறைபனியும் வரும் இரவில் நாற்காலிகளை எல்லாம் கழற்றிக் கொட்டகைக்குள் நிறுத்திவிடலாம். வெளியே வெறும் வடம் மட்டும் கிடக்கும்.

அந்த வடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் கம்பி வடம் விற்கிற கடையில் ஒரு துண்டைக் கையில் எடுத்து, வெட்டுமுகத்தைப் பாருங்கள். மெல்லிய கம்பிகள் பல முறுக்கி ஒரு புரி. அப்படிப் பல புரிகளை நடுவிலுள்ள ஒரு கருவைச் சுற்றி முறுக்கினால் வடம். சேர்லிஃப்ட் வடமும் இதே அமைப்புதான்: 6 புரி, நடுவில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கரு, மொத்தம் 4, 5 சென்டிமீட்டர் கனம். ஆனால் இதற்கு முனை கிடையாது. மலையடிவாரம் முதல் உச்சி வரை போய்த் திரும்பும் ஒரே வளையம். இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டோ பற்றவைத்தோ சேர்க்க முடியாது. கப்பியில் ஏறாது, பிடி கவ்வாது. புரிகளைப் பிரித்து, ஒரு முனையின் புரியை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் மறுமுனையின் புரியை வைத்து, கடைசியில் வால்களைக் கருவின் இடத்துக்குள் செருகிவிடுவார்கள். கனம் கொஞ்சமும் கூடாது. இந்த இணைப்பு வடத்தின் கனத்தைப்போல 1,200 மடங்கு நீளமாவது இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 4 சென்டிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர். முழுக்க முழுக்க உராய்வு மட்டுமே தாங்குகிற இணைப்பு! காசிமேட்டில் இழுவைப் படகுகளின் கம்பி வடங்களைப் பின்னுகிறவர்கள் இந்த வேலையின் அருமையை உடனே புரிந்துகொள்வார்கள். உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்க்க முடியாது. வடத்தைக் காந்தப்புலத்துக்குள் ஓடவிட்டு, புலத்தில் வரும் மாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்.

இனி, தவறினால் என்ன ஆகும்? 1995 டிசம்பர் 23 அன்று கனடாவின் விஸ்லரில், இதுவும் குவிக்சில்வர் என்றே பெயர்கொண்ட ஒரு லிஃப்ட், மேலே ஆட்கள் இருக்கும்போது அவசரமாக நின்றது. ஒரு நாற்காலியின் பிடி வழுக்கியது. சரிவில் பின்னோக்கிச் சறுக்கி அடுத்த நாற்காலியில் மோத, அது அதற்கடுத்ததில் மோத, சில நாற்காலிகள் தரையில் விழுந்தன. உயிரிழப்பு ஏற்பட்டது. பலர் காயமடைந்தனர். அந்த லிஃப்ட்டைச் செய்தது 'யான்' (Yan) என்ற அமெரிக்க நிறுவனம். எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதன் பிடிகளில் ரப்பரைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த விபத்துக்குப் பின் அந்த நிறுவனம் திவாலானது. அதன் விட்டுப் பிடிக்கும் லிஃப்ட்டுகளைப் பல தலங்கள் மாற்றியமைத்தன அல்லது பிடுங்கிப் போட்டன. நிலையத்தின் வாயிலில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்பிரிங் விசையைச் சோதிப்பது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இன்னொரு அபாயம், லிஃப்ட் பின்னோக்கி ஓடுவது. மேலே போகும் பக்கம் ஆட்கள் நிறைந்திருக்கும், கீழே வரும் பக்கம் பெரும்பாலும் காலி. மோட்டார் விட்டுக்கொடுத்து, பிரேக்கும் பிடிக்காவிட்டால், எடை முழுவதும் வடத்தைப் பின்னால் இழுக்கும். 2018 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டின் குடௌரியில் இப்படி நடந்தது. நாற்காலிகள் அடிவாரத்தில் வேகமாகச் சுழன்று ஒன்றின்மேல் ஒன்று குவிந்ததும் ஆட்கள் குதித்ததும் உலகம் முழுக்கப் பரவிய வீடியோவில் இருக்கின்றன. இதைத் தடுக்கத்தான் மோட்டார் பக்கம் ஒரு பிரேக், வடம் சுற்றும் பெரிய சக்கரத்தையே நேரடியாகப் பிடிக்கும் இன்னொரு பிரேக் என்று அடுக்கடுக்காக வைக்கிறார்கள். மின்சாரம் போனால் ஆட்களை இறக்குவதற்கென்று டீசல் இன்ஜினும் உண்டு. இவை அனைத்தும் முறையாகப் பராமரித்து, பயிற்சி பெற்ற ஆட்கள் இயக்கினால்தான் பயன்படும்.

எல்லா மலைக்கும் வேகமான லிஃப்ட் வேண்டுமா என்பதில் பனிச்சறுக்குக்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வெர்மான்ட் மாநிலத்தின் மேட் ரிவர் கிளென்னில், 1948இலிருந்து ஒரே ஒருவர் உட்காரும் நாற்காலி ஓடுகிறது. 1995 முதல் அந்த மலை சறுக்குபவர்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். லிஃப்ட் பழையதாகி மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, அவர்கள் பணம் திரட்டி 2007இல் அதே ஒற்றை நாற்காலியையே புதுப்பித்துக்கொண்டார்கள். லிஃப்ட் அதிகம் பேரை ஏற்றினால் சரிவில் கூட்டம் கூடும், பனி சீக்கிரம் தேயும் என்பது அவர்கள் வாதம். மேலே சொன்ன 800 பேர் கணக்கை வைத்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. வரிசையில் நிற்காத ஆள் சரிவில்தான் இருப்பார்.

நம் பக்கம் என்ன பொருந்தும்? சென்னையிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பக்கூடிய சோளிங்கரில், யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். அங்கே 2024இல் ரோப் கார் வந்தது. முழங்கால் வலியோடு வருகிற அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அங்கே வரிசையில் நின்று பார்த்தால் தெரியும். இத்தகைய கோயில்களுக்கு விட்டுப் பிடிக்கும் வேக லிஃப்ட் போட வேண்டும் என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். குன்றின் நீளம் சில நூறு மீட்டர். விநாடிக்கு 5 மீட்டரில் 400 மீட்டரைக் கடக்க 80 விநாடி போதும். அவ்வளவு பெரிய நிலையமும் அவ்வளவு பராமரிப்பும் அந்தத் தூரத்துக்குத் தேவையில்லை. பெட்டி முழுதாக நின்று, கதவு திறந்து, பாட்டி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏறுவதுதான் அங்கே சரி. செலவழிக்கப் பணம் இருந்தால் காத்திருக்கும் கூடத்துக்கு நிழலும் நாற்காலியும் போடலாம்.

தூரம் கிலோமீட்டர் கணக்கில் போகும்போது விடை மாறுகிறது. வாரணாசியில் ரயில் நிலையத்திலிருந்து கோதௌலியா வரை ஏறத்தாழ 3.75 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட நகர ரோப்வே, விட்டுப் பிடிக்கும் பிடியை நம்பியது. பொலிவியாவின் லா பாஸில் 2014 முதல் ஓடும் மி டெலிஃபெரிகோவும் அதே வகை. அந்த ஊர் மக்கள் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். அங்கே பனியும் இல்லை, சறுக்குப் பலகையும் இல்லை. காய்கறிக் கூடையோடும் பள்ளிப் பையோடும் ஏறுகிறவர்களுக்காக, பெட்டி நிலையத்துக்குள் நடை வேகத்தில் நகர்ந்து வருகிறது, தலைக்கு மேல் அதே டயர்கள் வரிசையாகச் சுழல்கின்றன.